மேட்டில் புல் தெரிகிறது, டொங்காவில் நெஞ்சளவு: மேய்ச்சல் நிலத்து வெண்பனியை நீராகக் கணக்கிடுவது எப்படி?

உம்சிம்குலு_கரை:

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலையடியில், அண்டர்பெர்க்குக்கு மேற்கே, சுமார் 1900 மீட்டர் உயரத்தில் 100 ஹெக்டேர் மேய்ச்சல் நிலம். முழுக்கப் புல், ஓடை ஓரத்தில் மட்டும் ஓஹவுட் புதர். டர்பனில் ஆடிக்கூழ் ஊற்றும் வாரங்களில்தான் இங்கே மேலே வெண்பனி விழும். வருடத்துக்கு ஒரு சில தடவை, சில வருடம் அதுவும் இல்லை. விழுந்த அன்று எங்கும் ஒரே வெள்ளை. மறுநாள் காற்றடித்து ஓய்ந்ததும் மேட்டில் புல் தலை நீட்டுகிறது, டொங்காவுக்குள், அதாவது மழைநீர் அரித்த பள்ளத்துக்குள், பனி நெஞ்சளவு நிற்கிறது.

பத்துக் கம்பு நட்டு ஆழம் எடுத்தோம். மேட்டில் நான்கு கம்பு, தலா 3 செ.மீ. சரிவில் நான்கு, தலா 15 செ.மீ. டொங்காவில் இரண்டு, தலா 110 செ.மீ. சராசரி 29 செ.மீ. அடர்த்தி கன மீட்டருக்கு 250 கிலோ என்று வைத்துக்கொண்டால் 73 மி.மீ. நீர். 100 ஹெக்டேருக்கு 73,000 கன மீட்டர். கீழே இருக்கும் பண்ணை அணை அதற்குக் கிட்டத்திலும் ஏறவில்லை.

கேள்விகள்: கணக்கில் பிழை எங்கே? கம்புகளை எங்கே மாற்றி நடுவது? இரண்டாவது, குட்டி போடும் ஆடுகளுக்கான அடைப்புக்குக் கல் சுவர் கட்டும் யோசனை இருக்கிறது. சுவருக்குப் பின்னால் பனி குவியுமா, ஒதுங்குமா?

காற்றுமானி:

முதலில் காற்றைப் பார்ப்போம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். விழுந்த வெண்பனி விழுந்த இடத்திலேயே கிடக்கும் என்பது காட்டுக்குள் ஓரளவு சரி. மரமில்லாத வெளியில் பனி இரண்டு தடவை விழுகிறது: வானத்திலிருந்து ஒரு தடவை, காற்றிலிருந்து இன்னொரு தடவை. கம்பு காட்டுவது இரண்டாவது விழுதலை.

காற்று எந்த வேகத்தில் பனியைக் கிளப்பும்? கனடாவின் சமவெளி நிலையப் பதிவுகளில், 10 மீட்டர் உயரத்தில் அளந்த காற்றுக்கு, உலர்ந்த பனியின் சராசரி வரம்பு நொடிக்கு 7.7 மீட்டர், அதாவது மணிக்கு 28 கி.மீ. ஈரம் பட்ட பனிக்கு 9.9 மீட்டர், மணிக்கு 36 கி.மீ. சராசரிக்கு இருபுறமும் நிறைய ஏற்ற இறக்கம் உண்டு. புதிதாக விழுந்த குளிர்ந்த பனி இதைவிட மெல்லிய காற்றிலேயே நகரும். ஒரு பகல் வெயில் பட்டு, இரவில் மேல்தோல் இறுகிவிட்டால் பெருங்காற்றுக்கும் அசையாது. ஆகவே பனி விழும்போதும், விழுந்த பிறகு முதல் வெயிலுக்கு முன்பும் அடிக்கும் காற்றுதான் குவியல் எங்கே என்பதை முடிவு செய்கிறது. மூன்றாம் நாள் காற்றை வைத்துக் கணக்குப் போட்டால் தவறும்.

நகரும் விதமும் முக்கியம். பெரும்பகுதித் துகள்கள் தரையை ஒட்டிச் சில சென்டிமீட்டர் உயரத்துக்குள் தத்தித் தத்திப் போகின்றன. காற்று வலுத்தால்தான் மேலே மிதந்து புகைபோலத் தெரியும். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தூக்கிச் செல்லும் அளவு ஏறத்தாழ 14 மடங்காகும். ஆகவே நாள் முழுக்க வீசும் மிதமான காற்றைவிட இரண்டு மணி நேரப் பேய்க்காற்று நிலத்தை அதிகம் மாற்றிவிடும்.

தரையை ஒட்டிப் போவதால் எந்தச் சிறு தடையும் பிடித்துக்கொள்ளும். புல் 20 செ.மீ. நின்றால் ஏறத்தாழ அந்த உயரம் வரை பனி தங்கும். புல்லின் தலை மூடியதும் அதற்கு மேல் விழுவது நழுவிப் போகும். ஒட்ட மேய்ந்த மேட்டில் பிடிக்க ஒன்றுமில்லை, அதனால்தான் அங்கே உங்களுக்கு 3 செ.மீ. நெருப்புத் தடுப்புக்காக எரித்த பட்டைகளைப் போய்ப் பாருங்கள். பிடிக்கப் புல் இல்லை, தரையும் கறுப்பு. பனி அங்கே முதலில் பறக்கும், மிச்சம் முதலில் உருகும். கம்புகளில் ஒன்றாவது எரித்த பட்டையில் இருந்தால் அதை மேட்டின் பிரதிநிதி என்று எடுக்கக் கூடாது.

மேட்டின் முனை தாண்டியதும் காற்று தரையை விட்டுப் பிரிகிறது. பின்னால் ஒரு சுழல் உண்டாகி வேகம் விழுகிறது, சுமை கொட்டுகிறது. டொங்கா, ஓடைக்கரைப் புதர், சரிவு திடீரென்று செங்குத்தாகும் இடம் எல்லாமே கொட்டும் இடங்கள். இவற்றின் கொள்ளளவுக்கு எல்லை உண்டு. டொங்காவின் இரு கரையையும் இணைத்து மேல்பரப்பு வழவழப்பாகிவிட்டால் அது நிறைந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு வரும் பனி அதைத் தாண்டி அடுத்த பள்ளத்துக்குப் போகும். டொங்காவுக்குள் இருக்கும் இரண்டு கம்பும் நிறைந்த பகுதியில் இருக்கின்றனவா, பாதி நிறைந்த பகுதியிலா என்று பாருங்கள்.

நிறுவைக்கோல்:

கணக்கில் இரண்டு பிழை. ஒன்று, கம்புகளின் எண்ணிக்கை பரப்புக்கு ஏற்றதாக இல்லை. பத்தில் இரண்டு கம்பு டொங்காவில் என்றால் நிலத்தில் 20 சதம் டொங்கா என்று ஆகிவிடுகிறது. இரண்டு, எல்லா இடத்துக்கும் ஒரே அடர்த்தி. புதுப் பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். காற்று அடித்து நொறுக்கி அடைத்தது 250 முதல் 400 வரை போகும். உருகத் தொடங்கிய பழைய பனி 400-ஐத் தாண்டும். ஆழம் ஏமாற்றும், எடை ஏமாற்றாது.

எடை எடுக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். கழிவுநீர்க் குழாய்க்கு விற்கும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு மீட்டர் துண்டு போதும். உள்விட்டத்தை நீங்களே அளந்து எழுதுங்கள், கடையில் சொல்வது வெளிவிட்டம். உள்விட்டம் 10 செ.மீ. என்றால் வாய்ப் பரப்பு 78.5 சதுர செ.மீ. ஒரு முனையில் ஆக்ஸா பிளேடால் பல் வெட்டிக்கொள்ளுங்கள். குழாயை அரை மணி நேரம் வெளியே நிழலில் வைத்துக் குளிர விட வேண்டும். பக்கி வண்டியின் உள்ளேயிருந்து எடுத்த சூட்டோடு குத்தினால் பனி சுவரில் ஒட்டி அடைத்துக்கொள்ளும், பாதிதான் உள்ளே ஏறும். செங்குத்தாகத் திருகி இறக்கி, தரை தட்டியதும் வெளியே ஆழத்தைப் படித்து, பக்கத்தில் தோண்டி, அடியில் தகரத்தைச் செருகித் தூக்குங்கள். அடியில் ஒட்டிய புல்லையும் மண்ணையும் தட்டிவிட்டு, பையில் கொட்டி, சமையலறை மின்தராசில் நிறுங்கள்.

கிராமை 78.5-ஆல் வகுத்தால் நீரின் உயரம் சென்டிமீட்டரில் வந்துவிடும். எடுத்துக்காட்டாக 40 செ.மீ. ஆழத்தில் 1100 கிராம் என்றால் 14 செ.மீ., அதாவது 140 மி.மீ. நீர், அடர்த்தி 350. குழாய்க்குள் ஏறிய பனியின் உயரம் வெளி ஆழத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறைந்தால் அந்த மாதிரியைத் தள்ளிவிடுங்கள், நடுவில் அடைத்திருக்கும். ஒரு மீட்டருக்கு மேல் ஆழமான இடத்தில் குழி வெட்டி, மேலிருந்து கீழாகப் படிப்படியாக எடுக்க வேண்டும். ஓர் இடத்துக்கு மூன்று மாதிரி.

இனி, நிலத்தை மேடு, சரிவு, பள்ளம் என்று பிரித்து ஒவ்வொன்றும் எத்தனை ஹெக்டேர் என்று சொல்ல முடியுமா? செயற்கைக்கோள் படத்தில் கோடு போட்டாலே போதும்.

உம்சிம்குலு_கரை:

படத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். மேடு 60, சரிவு 36, டொங்காவும் ஓடைக்கரையும் சேர்த்து 4 ஹெக்டேர். குழாயில் நிறுத்தது: மேட்டில் அடர்த்தி 200, சரிவில் 220, டொங்காவில் 350.

நிறுவைக்கோல்:

ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. நீர் என்றால் 10 கன மீட்டர். அதை வைத்துப் போடுவோம்.

மேடு: 3 செ.மீ., அடர்த்தி 200, ஆக 6 மி.மீ. நீர். 60 ஹெக்டேருக்கு 3,600 கன மீட்டர். சரிவு: 15 செ.மீ., 220, ஆக 33 மி.மீ. 36 ஹெக்டேருக்கு 11,880. பள்ளம்: 110 செ.மீ., 350, ஆக 385 மி.மீ. வெறும் 4 ஹெக்டேர், ஆனால் 15,400 கன மீட்டர்.

மொத்தம் 30,880 கன மீட்டர், சராசரி 31 மி.மீ. நீங்கள் போட்ட 73 மி.மீ. இரண்டு மடங்குக்கும் அதிகம். அதைவிட முக்கியமானது: நிலத்தில் 4 சதம் இடத்தில் நீரில் சரிபாதி கிடக்கிறது. மேட்டில் கம்பு 1 செ.மீ. பிழையாகப் படித்தால் 1,200 கன மீட்டர் மாறும். பள்ளத்தின் பரப்பை ஒரே ஒரு ஹெக்டேர் தவறாக வரைந்தால் 3,850 மாறும். ஆகவே அடுத்த தடவை மேட்டில் கம்பைக் கூட்டுவதில் பயனில்லை. டொங்காவின் குறுக்கே, கரையிலிருந்து கரைக்கு, 5 மீட்டருக்கு ஒன்றாக நீள இரும்புக் கம்பியால் குத்தி ஆழம் எடுங்கள். இப்படி மூன்று குறுக்குக் கோடு. குவியலின் விளிம்பைக் கைபேசி ஜிபிஎஸ்ஸோடு சுற்றி நடந்தால் பரப்பும் கிடைத்துவிடும்.

கம்பைப் பற்றி இரண்டு சொல். பருத்த மரக்கம்பு வேண்டாம். அதைச் சுற்றிக் காற்று குழி பறிக்கும், அந்தக் குழியைப் படித்துக் குறைவாக எழுதிவிடுவீர்கள். 12 மி.மீ. இரும்புக் கம்பி நல்லது. வெள்ளை அடித்து, 5 செ.மீ.க்கு ஒரு சிவப்புப் பட்டை. கறுப்பாக விட்டால் வெயிலில் சூடாகிச் சுற்றிலும் உருக்கும். கிட்டே போய் மிதிக்காமல் சில அடி தள்ளி நின்று படியுங்கள். கம்பி வேலியிலிருந்து 30 மீட்டருக்குள் எந்தக் கம்பும் வேண்டாம்.

மழைமானியை வைத்துச் சரிபார்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். காற்றுமறைப்பு இல்லாத மானியில், நொடிக்கு 5, 6 மீட்டர் காற்றிலேயே விழுந்த வெண்பனியில் பாதி உள்ளே போவதில்லை.

தென்சரிவு:

குவிவதைப் பார்த்தாயிற்று, உருகுவதைப் பேசுவோம். வெளிநாட்டுக் கையேடுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் மலையில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

காற்றடிக்கும் மேய்ச்சல் நிலத்து வெண்பனியைப் பல பத்தாண்டுகளாக அளந்துவரும் இடங்களில் ஒன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து ரெனால்ட்ஸ் க்ரீக். 1960-இல் அந்நாட்டு வேளாண் துறை தொடங்கிய சோதனை நீர்ப்பிடிப்பு; ஏறத்தாழ 239 சதுர கி.மீ. அங்கே குளிர்காலக் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து. மேட்டைத் தாண்டி வடகிழக்குச் சரிவில் கொட்டுகிறது. வட கோளத்தில் அந்தச் சரிவு நிழல் சரிவும்கூட. காற்று சேர்த்து வைக்கிறது, நிழல் காத்து வைக்கிறது. அதனால்தான் சேஜ்பிரஷ் புதர்வெளிக்கு நடுவே, குவியல் நிற்கும் பள்ளங்களில் மட்டும் ஆஸ்பென் மரக்கூட்டம் வளர்கிறது. மேடு காய்ந்து வாரக்கணக்கான பிறகும் குவியல் ஓடைக்கு நீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

நமக்கும் குளிர்முகம் (குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) கடந்த பிறகு வரும் காற்று தென்மேற்கிலிருந்துதான் அதிகம். அதுவும் வடகிழக்குச் சரிவில்தான் கொட்டும். ஆனால் தென் கோளத்தில் வடக்குப் பார்த்த சரிவு வெயில் சரிவு. காற்று சேர்த்ததை வெயில் கரைத்துவிடுகிறது. உங்கள் நிலத்தில் பெரிய குவியல் சீக்கிரம் போய்விடுவதையும், தெற்குச் சரிவில் கிடக்கும் மெல்லிய பனி அதைவிட நாள் கடந்து நிற்பதையும் சேர்த்தே பார்க்கலாம். ஆகவே ஆழத்தை மட்டும் வைத்து எது கடைசியில் உருகும் என்று சொல்ல முடியாது. எந்தத் திசை பார்க்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். வடமேற்குக் காற்றில் உலர்ந்த பனி நகர்ந்தால் அது தென்கிழக்குச் சரிவில் விழும். அந்தக் குவியல்தான் நிலைக்கும்.

அண்டர்பெர்க் அகலாங்கில் ஜூன் 21 நண்பகலில் சூரியன் தொடுவானத்திலிருந்து 37 பாகை உயரம். சமதளத்தை 60 என்ற அளவில் வெயில் தாக்கினால், 25 பாகை சாய்ந்த வடக்குச் சரிவை 88, அதே சாய்வுள்ள தெற்குச் சரிவை 21. நான்கு மடங்கு வித்தியாசம். செப்டம்பர் 22-இல் சூரியன் 60 பாகைக்கு ஏறிவிடும். வடக்கு 100, தெற்கு 57. வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லை. 2024 செப்டம்பர் 20-ஐ ஒட்டி வான் ரீனன் கணவாயில் என்-3 நெடுஞ்சாலையை அடைத்துப்போட்ட பனி போன்றது ஜூனில் விழுந்திருந்தால் நிழல் சரிவுகளில் நெடுநாள் கிடந்திருக்கும். செப்டம்பர் பனியில் எல்லாச் சரிவும் ஏறத்தாழ ஒன்றாக உருகும்; ஓடை குறுகிய நேரத்தில் ஏறி இறங்கும்.

நாள் கணக்கு வேண்டுமா? ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல். சதுர மீட்டருக்கு நாள் முழுக்கச் சராசரி 100 வாட் நிகரமாகப் பனிக்குள் இறங்கினால் நாளொன்றுக்கு 26 மி.மீ. நீர். 50 வாட் என்றால் 13. சரிவின் 33 மி.மீ. ஒன்றேகால் நாள் முதல் இரண்டரை நாளுக்குள் போய்விடும். டொங்காவின் 385 மி.மீ. 15 முதல் 30 நாள் வரை. புதுப் பனி வெயிலில் 80 முதல் 90 சதத்தைத் திருப்பி அனுப்பிவிடும், பழசானது 50, 60 சதம்தான். எரித்த புல்லின் கரித்தூள் பறந்து மேலே படிந்தால் இன்னும் குறையும், உருகும் வேகம் கூடும்.

இந்தக் கணக்கு குவியலின் நடுப்பகுதிக்குத்தான் பொருந்தும். விளிம்பில் வேறு கதை. பக்கத்துத் தரை வெயிலில் சூடாகிறது. அதன் மேல் வரும் காற்று பனியின் விளிம்பைத் தாக்குகிறது. ஒரே 4 ஹெக்டேர் ஒரே திட்டாக இருந்தால் மெதுவாகவும், நாற்பது துண்டாகச் சிதறிக் கிடந்தால் விரைவாகவும் உருகுவது இதனால்தான். பனி பத்து செ.மீ.க்குக் கீழே மெலிந்துவிட்டால் வெயில் ஊடுருவிப் புல் தூரையும் கல்லையும் சூடாக்கும். தூரைச் சுற்றி ஓட்டை விழும். அதற்குப் பிறகு ஆழம் அளப்பதைவிட, நிலத்தில் எத்தனை சதம் இன்னும் வெள்ளை என்று ஒரே இடத்திலிருந்து தினமும் படம் எடுப்பது பயனுள்ளது. அதே நேரம், அதே கோணம்.

உம்சிம்குலு_கரை:

மிகத் தெளிவு, நன்றி. ஒன்று மட்டும் பொருந்தவில்லை. மலையிலிருந்து இறங்கும் உலர்ந்த பெர்க் காற்று இரண்டு நாள் அடித்தது. டொங்காக் குவியல் கண்ணெதிரே இறங்கியது. ஆனால் ஓடையில் நீர் ஏறவே இல்லை. வெப்பமானி பகலில் 4 பாகை காட்டியது, உருகியிருக்க வேண்டுமே?

தென்சரிவு:

வெப்பமானியை மட்டும் நம்பக் கூடாது, ஈரப்பதத்தையும் சேர்த்துப் பாருங்கள். 4 பாகை, ஈரப்பதம் 20 சதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) சுழிக்குக் கீழே. அந்த நிலையில் பனி நீராகாமல் நேரே ஆவியாகிறது, பதங்கமாதல். ஒரு கிலோவுக்கு 2,830 கிலோஜூல் செலவு, உருக்குவதைப் போல எட்டரை மடங்கு. ஆவியாகும் பனி தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்வதால் உருகுவதும் தடைப்படும். எட்டரை மி.மீ. உருக வேண்டிய வெப்பத்தில் ஒரு மி.மீ. மட்டுமே காணாமல் போகும். ஆகவே பதங்கமாதலால் மட்டும் குவியல் கண்ணெதிரே இறங்கியிருக்காது. மேல் பனி தளர்விலிருந்து அமுங்கி இறுகியிருக்கும், ஆழம் குறைந்து அடர்த்தி கூடியிருக்கும். குழாயைக் குத்தி நிறுத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்: எடை ஏறத்தாழ அப்படியே இருந்தால் அமுங்கல், எடை குறைந்திருந்தால் இழப்பு.

இன்னொரு காரணமும் உண்டு. வெயிலில் மேலே உருகிய நீர் உடனே வெளியே வராது. முதலில் உள்ளே இருக்கும் குளிர்ந்த பனியைச் சுழி பாகைக்குச் சூடாக்க வேண்டும். பிறகு துகள்களுக்கிடையே ஈரமாகத் தங்கும். அதுவும் நிறைந்த பிறகுதான் அடியில் கசியும். ஆழமான குவியலுக்கு இது சில நாள் தள்ளிப்போகும். கசிந்தாலும் உங்கள் உயரத்தில் மண் ஆழமாக உறைந்திருப்பது அரிது, காய்ந்த குளிர்கால மண் முதல் நீரைக் குடித்துக்கொள்ளும். அணைக்கு வருவது மிச்சம்தான். இந்த மலையில் நீர் பெரும்பாலும் கோடை மழை தருவது. வெண்பனியிலிருந்து எதிர்பார்க்க வேண்டியது டொங்காவுக்குக் கீழே இருக்கும் வ்ளேயின் (சதுப்புத் தாழ்நிலத்தின்) ஈரத்தையும், வசந்தத்தில் அங்கே முதலில் துளிர்க்கும் புல்லையும்.

காற்றில் பறக்கும்போதும் இழப்பு உண்டு என்பதை மறக்க வேண்டாம். கிளம்பிய துகளைச் சுற்றி எந்நேரமும் உலர்ந்த காற்று. கனடாச் சமவெளிகளில் ஒரு குளிர்காலத்துப் பனியில் 10 முதல் 40 சதம் வரை இப்படியே ஆவியாவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

வேலிக்கால்:

கல் சுவர் வேண்டாம். கட்டாயம் வேண்டாம். காரணம் இதோ.

இடைவெளியே இல்லாத சுவர் காற்றைத் திடீரென்று நிறுத்துகிறது. சுவருக்குப் பின்னால் ஒட்டியே நீளம் குறைந்த, ஆழமான குவியல் விழும், சுவரின் உயரத்தில் ஏறத்தாழ 10, 12 மடங்கு தூரத்துக்குள். குளிரில் ஆடுகள் ஒண்டி நிற்பதும் அதே இடத்தில்தான். பனி ஏற ஏற அவை நகராமல் நெருங்கும், மூடிவிடும். கம்பி வேலியில் காய்ந்த புல்லும் குப்பையும் அடைத்துக்கொண்டாலும் இதே கதை, ஆகவே குளிர்காலத்துக்கு முன் அடைப்பின் வேலியைச் சுத்தம் செய்து வையுங்கள்.

பாதி திறந்த வேலிதான் சரி. அமெரிக்காவின் வயோமிங்கில் ஐ-80 நெடுஞ்சாலைக்காக 1971 முதல் போட்ட பனிவேலிகளில் தேறிய அளவுகள் இவை: பலகையும் இடைவெளியும் சரிபாதி, பலகை படுக்கையாக, 15 செ.மீ. அகலம், தரைக்கும் முதல் பலகைக்கும் நடுவே வேலி உயரத்தில் 10 முதல் 15 சதம் இடைவெளி. அடியில் இந்த இடைவெளி இல்லாவிட்டால் வேலி தன் குவியலிலேயே புதைந்து வேலை செய்யாமல் போகும். நிறைந்தபோது குவியல் வேலி உயரத்தைப் போல 35 மடங்கு நீளும். 1.2 மீட்டர் வேலிக்கு 42 மீட்டர், 1.8 மீட்டருக்கு 63. அடைப்பு அதற்கும் அப்பால் இருக்க வேண்டும். வேலிக்கும் அடைப்புக்கும் நடுவே ஆடு போகாமல் தடுத்துவிடுங்கள்.

கொள்ளளவு: உயரத்தை மீட்டரில் எடுத்து 2.2 அடுக்குக்கு உயர்த்தி 8.5-ஆல் பெருக்கினால், வேலியின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் எத்தனை டன் நீர் தாங்கும் என்று கிடைக்கும். 1.2 மீட்டருக்குச் சுமார் 12.7 டன், 1.8 மீட்டருக்கு 31. வரவை இப்படிப் பாருங்கள்: காற்று வரும் பக்கம் தடையில்லாத வெளி 500 மீட்டர், ஒரு பொழிவு 30 மி.மீ. நீர், அதில் பாதி நகர்கிறது. மீட்டருக்கு 7.5 டன். 1.2 மீட்டர் வேலி ஒரு பொழிவுக்குத் தாராளம். உருகுவதற்குள் இரண்டாவது வந்தால் நிறைந்து வழியும். இரண்டையும் தாங்க வேண்டுமென்றால் 1.5 மீட்டருக்குப் போங்கள்.

வேலியின் இரு முனையிலும் காற்று சுற்றி வருவதால், உயரத்தைப் போல 12 மடங்கு நீளம் வரை பயன் குறைவு. காக்க வேண்டிய அடைப்பைவிட இருபுறமும் அவ்வளவு நீட்டிப் போடுங்கள். முனையை மிச்சப்படுத்திய வேலிதான் பெரும்பாலும் தோற்கிறது. கிரியோசோட் (மரம் மட்காமல் காக்கும் எண்ணெய்) ஊறிய யூகலிப்டஸ் கம்பம், மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள். 50 சத நிழல்வலையைக் கட்டினால் போதாதா என்று கேட்பார்கள். நம் பக்கத்துப் பனி பெரும்பாலும் ஈரமானது. சிறு கண்ணில் ஒட்டி அடைத்து, வலை சுவராகிவிடும், பிறகு காற்று கிழிக்கும். பலகையே நல்லது.

நீர் சேமிக்க மட்டும் என்றால் இந்தச் செலவு இங்கே தகாது. வருடத்தில் ஒரு சில பொழிவுக்கு மரமும் ஆணியும் கட்டுப்படி ஆகாது. குட்டி போடும் அடைப்புக்கும், கொட்டகைக்குப் போகும் பாதைக்கும் மட்டும் போடுங்கள்.

காற்றுமானி:

வேலிக்கால் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். திசையைத் தென்மேற்கு என்று முடிவு கட்டிக் கம்பம் நடாதீர்கள். நம் பெரும் பனிப்பொழிவுகளில் சில, மேல்வளியில் துண்டித்து நின்ற தாழ்வழுத்தத்தால் வருபவை. அப்போது மலையடிவாரத்தில் காற்று தெற்கு, தென்கிழக்கு என்று திரும்பி நிற்கும். வேலி காற்றுக்குச் செங்குத்திலிருந்து 25 பாகைக்கு மேல் விலகினால் கொள்ளளவு குறையத் தொடங்கும். அடைப்பை ஒரே நேர் வேலியால் காப்பதைவிட, தென்மேற்குக்கு ஒன்றும் தென்கிழக்குக்கு ஒன்றுமாக இரண்டு வேலி போடுவது பாதுகாப்பு. இரண்டும் சந்திக்கும் மூலையில் இடைவெளி விடாதீர்கள். விட்டால் காற்று அதன் வழியே குவிந்து பீறிட்டு, பனியை நேராக அடைப்புக்குள் கொட்டும்.

திசையைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. அடுத்த பொழிவு முடிந்த காலையில், வெயில் ஏறுவதற்கு முன், மேட்டில் தனித்து நிற்கும் பாறைகளையும் புல் தூர்களையும் பாருங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வால் போலப் பனி நீண்டிருக்கும். வால் காட்டுவது காற்று போன திசை. இருபது வாலைத் திசைகாட்டியில் படித்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பொழிவில் இரண்டு வேறு திசை வந்தால், இரண்டையும் நம்புங்கள்.

உம்சிம்குலு_கரை:

கல் சுவரை விட்டாயிற்று. டொங்காவுக்கு மூன்று குறுக்குக் கோடு, மேட்டில் இரண்டு கம்பு, சரிவில் வடக்குப் பக்கம் மூன்று, தெற்குப் பக்கம் மூன்று என்று மாற்றுகிறேன். எரித்த பட்டையில் தனியாக ஒன்று. தெற்குச் சரிவில் தூரைச் சுற்றி ஓட்டை விழுந்த பிறகும் குழாய் குத்தலாமா?

நிறுவைக்கோல்:

குத்தலாம், ஆனால் ஓட்டைக்கு நடுவிலும் தூருக்கு மேலும் வேண்டாம். இரண்டு தூருக்கு இடைப்பட்ட பனியில் மூன்று மாதிரி எடுத்து, அதே இடத்துப் படத்தில் எத்தனை சதம் வெள்ளை என்று பார்த்து, அந்தப் பங்கால் பெருக்குங்கள். 60 சதம் வெள்ளை, பனியில் 20 மி.மீ. என்றால் அந்தச் சரிவுக்கு 12 மி.மீ. வெள்ளை 30 சதத்துக்குக் கீழே போனதும் அந்தப் பகுதியை நிறுத்திவிட்டு டொங்காவுக்குப் போங்கள், மிச்ச நீர் அங்கேதான்.